தெருவில் எடுக்கும் படங்களும் நமது பொறுப்பும்: 2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது புகைப்பட ஆர்வலர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், கோயம்பேடு பூ மார்க்கெட், பாண்டி பஜார் நடைபாதை, மயிலாப்பூர் மாட வீதிகள் ஆகிய இடங்களில் இவ்வாண்டு ஃபோட்டோவாக் (கூட்டாக நடந்தபடியே படம் எடுக்கும் நிகழ்ச்சி) நடத்தினோம். திருக்கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்லக் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருப்பதால், கபாலீசுவரர் கோயில் பகுதியில் நமது நடை மாட வீதிகளோடும் குளக்கரையோடும் நின்றது. அறுபத்து மூவர் உற்சவத்தன்று எடுத்த படங்களே ஆண்டின் சிறந்த படங்கள் என்பது என் கருத்து. நீர்மோர்ப் பந்தல்களுக்கு இடையே நகர்ந்த அந்தக் கூட்டத்தில் கேமராவை எவரும் பொருட்படுத்தவில்லை.

புதிய அங்கத்தினர்களுக்கான பயிற்சியில், ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) 28 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 8இல் வைத்து, ஃபோக்கஸை ஏறக்குறைய 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், 1.7 மீட்டர் தொடங்கித் தொலைதூரம் வரை எல்லாம் தெளிவாகப் பதியும் என்பதைச் செய்து காட்டினோம். ஃபோக்கஸுக்குக் காத்திராமல், எதிரே வருபவர் கேமராவைக் கண்டு முகத்தை மாற்றிக்கொள்வதற்குள் படம் எடுத்துவிடலாம் என்பதே இம்முறையின் பயன். அந்த வேகத்தில் எடுக்கப்படுபவரின் சம்மதத்தைக் கேட்க இடமே இல்லை என்பதால், இவ்வாண்டு நாம் மிக நீண்ட நேரம் விவாதித்ததும் இதைப் பற்றித்தான்.

விவாதத்தைத் தொடங்கிவைத்தது வடக்கு மாட வீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. நடைபாதையில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரை நம் அங்கத்தினர் ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். நாரின் ஒரு முனை அவர் கால் கட்டைவிரலில் சுற்றியிருக்க, பாதி வெயிலில் முகம் திரும்பியிருந்த அருமையான படம் அது. படம் எடுத்ததைக் கண்ட அந்த அம்மா, "தம்பி, அதை அழிச்சிடுப்பா. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டு இருக்கோம், நான் ரோட்ல உக்காந்து பூ விக்கிறது அவங்களுக்கு இன்னும் தெரியாது" என்றார். நம் அங்கத்தினர் அவர் கண் முன்னாலேயே படத்தை நீக்கி, நீக்கிய படங்கள் தங்கும் கைபேசியின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அகற்றிக் காட்டினார். இரண்டாவது செயலை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஐஃபோனில் நீக்கிய படம் பொதுவாக 30 நாள் வரையிலும், கூகுள் ஃபோட்டோஸில் சேமிக்கப்பட்டு நீக்கிய படம் 60 நாள் வரையிலும் மீட்கும் நிலையிலேயே இருக்கும்.

கேட்டுவிட்டு எடுத்தால் அது தெருப் புகைப்படமே ஆகாது என்று மூத்த அங்கத்தினர்கள் சிலர் வாதிட்டனர். தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு படம் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோனை அவர்கள் எடுத்துக்காட்டினர். கலையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவர் எடுத்த படம் அன்று மாலையே எடுக்கப்பட்டவரின் உறவினர் கைக்குப் போய்ச் சேரவில்லை; இன்று நாம் எடுப்பது போய்ச் சேர்கிறது. எடுப்பதற்கு முன் கேட்க முடியாதபோது, எடுத்த பிறகாவது அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவதே முறை என்பது செயற்குழுவின் நிலைப்பாடு.

சட்டம் பற்றி வழக்கறிஞரான அங்கத்தினர் ஒருவர் உரையாற்றினார். பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதற்கு இந்தியாவில் பொதுவான தடை இல்லை. ஆயினும் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படியும், பெண்ணின் அந்தரங்கச் செயலைப் படம் பிடிப்பது இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 24.08.2017 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டிற்கு விலக்களிக்கிறது என்றாலும், படத்தை விற்கும்போதும் அந்த விலக்கு நம்மைக் காக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகளை வகுத்துள்ளோம். அழிக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அழிக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் காத்திருப்போரையும், நடைபாதையில் உறங்குவோரையும் எடுக்கக் கூடாது. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியும் படங்களின் பிரதியை, இயன்றவரை அதே இடத்திற்குச் சென்று உரியவரிடம் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறோம். கோயம்பேட்டில் பிரதி பெற்ற மூட்டை தூக்கும் தொழிலாளர் ஒருவர், அடுத்த முறை தாமே நம்மை அழைத்து உடன் வேலை செய்வோரிடம் அறிமுகப்படுத்தினார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பிரதிகள் அச்சிடும் செலவை இனிச் சங்க நிதியிலிருந்தே ஏற்க வேண்டும் என்ற செயற்குழுவின் பரிந்துரையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். முகம் தெரியும் படங்களைச் சம்மதமின்றிப் போட்டிகளுக்கு அனுப்பலாமா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அனுப்பக் கூடாது என்பது என் தனிப்பட்ட கருத்து; முடிவைப் பொதுக்குழுவே எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்