வரைவு எழுதும்போதே எங்களையும் அழையுங்கள்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், 38 மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மூத்த குடிமக்கள் சங்கங்களிலும் ஓய்வூதியர் சங்கங்களிலும் முதியோர் சுய உதவிக் குழுக்களிலும் பொறுப்பு வகிப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முதியோர் தொடர்பான கொள்கை, விதி, அரசாணை எதுவானாலும், அது எழுதப்படும் கட்டத்திலேயே எங்கள் சங்கங்களுக்கு அதில் இடம் வேண்டும். எல்லாம் முடிவாகி அச்சுக்குப் போன பிறகு கருத்துக் கேட்டால், நாங்கள் சொல்வதில் ஒரு வரிகூட வரைவுக்குள் போய்ச் சேராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2036 வாக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்பது மத்திய அரசின் கணிப்பு. இத்தனை பேருக்கான ஏற்பாடுகளில் எது எந்த இடத்தில் முறிகிறது என்பது, அதைப் பெற்றுக்கொள்ளும் முனையில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மூன்று இடங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, பராமரிப்புத் தொகை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் நடக்கிறது. எதிர்மனுதாரருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாட்கள். உத்தரவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மகன் இரண்டு மாதம் பணம் தருகிறார், பிறகு நிறுத்திவிடுகிறார். தாய் மறுநாளே புகாரோடு கிளம்ப மாட்டார். அறுவடை முடியட்டும், தீபாவளி கழியட்டும் என்று பொறுத்திருப்பார். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவிலோ, தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மனுக் கொடுத்தால்தான் அதை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்க முடியும் என்று இருக்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தாண்டி அவர் பொறுத்திருந்த ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத் தொகை கைவிட்டுப் போகிறது. உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் உள்ளது. அந்த நகலின் அடியில் இந்தக் கெடுவை இரண்டு வரியில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சிட்டாலே போதும். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். நடைமுறைக் குறிப்பை எழுதும் மேசையில் சங்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, சொத்து. இதில்தான் எங்களிடம் வருபவர்கள் அதிகம் இழக்கிறார்கள். பெற்றுக்கொண்டவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அவர் கவனிக்கத் தவறினால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம் என்கிறது 23-ஆம் பிரிவு. நடைமுறையில் ஆவண எழுத்தர் எழுதும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்’ என்ற வாசகம் தவறாமல் இருக்கும். சோறு போட வேண்டும், மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்காது. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிறுவியாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும், சொத்தைத் திருப்பி ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. பாசத்தின் பேரில் கொடுத்தது என்பதிலேயே பராமரிக்கும் கடமை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025-இல் கூறியது. ஆனாலும் 75 வயதில் ஒருவர் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. பத்திரம் பதிவாகும் நாளிலேயே இதைத் தடுக்க முடியும். 60 வயதைக் கடந்தவர் சொத்தை எழுதிக் கொடுக்க வந்தால், பெற்றுக்கொள்பவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சார்பதிவாளர் அவரிடம் தனியாக இரண்டு கேள்வி கேட்கட்டும். ‘உங்களை வாழ்நாள் முழுவதும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்க விரும்புகிறீர்களா? இந்த வீட்டில் உங்கள் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?’ பதிலைப் பத்திரத்திலேயே பதிய வேண்டும். நிபந்தனை வாசகத்தின் மாதிரி ஒன்று ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். வாசகத்தை நாங்கள் வழக்கறிஞர்களைக் கொண்டு எழுதித் தரத் தயார்.

மூன்றாவது, கைரேகை. முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அந்தத் தொகை கைக்கு வர விரல் பதிய வேண்டும். நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் சுண்ணாம்புக் காளவாயில் நின்றும் தேய்ந்த விரல்களை வங்கி முகவரின் கருவி படிப்பதில்லை. கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைச் சொல்லலாம் என்றால், ஆதாரோடு இணைத்திருப்பது பேரனின் எண்ணாக இருக்கும், அவர் திருப்பூரில் வேலையில் இருப்பார். விரல் பதியாத ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தாக வேண்டும். அந்தச் சீட்டோடு போனால் கண் கருவிழி அல்லது முகப் பதிவு வழியாகவோ, அதுவும் முடியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையிலோ ஏழு நாட்களுக்குள் பணம் கிடைக்க வேண்டும். சீட்டு இல்லாத இடத்தில் தோல்விக்குக் கணக்கும் இல்லை, மேலே இருப்பவர்களுக்குக் குறை தெரியவும் வழியில்லை.

இந்த மூன்றில் ஒன்றுதான் நேரடியாகச் சமூக நலத் துறையின் கையில் இருக்கிறது. ஓய்வூதியம் வருவாய்த் துறையிடம், பத்திரம் பதிவுத் துறையிடம், முதியோர் மருத்துவம் மக்கள் நல்வாழ்வுத் துறையிடம், பேருந்து போக்குவரத்துத் துறையிடம். சமூக நலத் துறை மட்டும் கூட்டும் கூட்டத்தில் எங்கள் குறைகளில் பாதிக்கு மேல் ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படும்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். எனவே மாவட்டக் கூட்டத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், மாவட்டப் பதிவாளர், சுகாதாரத் துறை இணை இயக்குநர், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர், காவல் துறையில் ஒரு துணைக் கண்காணிப்பாளர் ஆகியோர் தாங்களே வர வேண்டும். பதிலுக்கு இளநிலை உதவியாளரை அனுப்பினால் முடிவெடுக்க ஆள் இருக்காது.

மூத்த குடிமக்களுக்கென்று மாநில அளவில் ஒரு மன்றம், மாவட்டந்தோறும் ஒரு குழு என்ற அமைப்பு 2007 சட்டத்தின் வழிவந்த விதிகளிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, இருப்பதை ஓடவிட்டால் போதும். கேரளம் ஒரு படி மேலே போய் 2025-இல் முதியோர் ஆணையத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடும் அதை ஆராயலாம். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் மாவட்டக் குழுக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத் தொடங்குங்கள்.

யாரை அழைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும்தான் சங்கம் வைத்துப் பதிவு செய்து முகவரியோடு இருக்கிறோம். அழைப்புக் கடிதம் எங்களுக்கு மட்டுமே வந்தால் மருத்துவப் படி, அகவிலைப்படி என்றே பேச்சு போகும். விவசாயக் கூலிகள், மீனவப் பெண்கள், கணவரை இழந்து தனியே வாழ்பவர்கள், மாற்றுத்திறனாளியான முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் யாரும் அந்த அறையில் இருக்க மாட்டார்கள். எனவே குழுவில் சங்கங்களுக்கு ஒதுக்கும் இடங்களில் பாதி பெண்களுக்கு என்று எழுதுங்கள். மூன்றில் ஒரு பங்கு, முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இருக்கட்டும். படுக்கையில் இருப்பவர்களின் நிலையை மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களில் பாதிப்பேர் மாற வேண்டும். எங்களில் சிலருக்கு இது பிடிக்காது. இருந்தாலும் இந்த விதி தேவை.

கூட்டத்தை நடத்தும் விதத்திலேயே பாதிப்பேரை விலக்கிவிட முடியும். வரைவு தமிழில், 16 புள்ளி எழுத்தில், காகிதத்தில், 30 நாள் முன்னதாக வர வேண்டும். சட்ட வரைவுகளுக்கு மத்திய அரசு 2014-இல் வகுத்த முன்கலந்தாய்வு நடைமுறையிலும் குறைந்தது 30 நாள் என்றே இருக்கிறது. அந்த நாட்களில்தான் சங்கங்கள் தங்கள் கிளைகளைக் கூட்டி, படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டி, கருத்தைத் திரட்ட முடியும். அறை தரைத்தளத்தில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும், ஆகவே கைப்பிடி வைத்த கழிப்பறை பக்கத்திலேயே வேண்டும். நேரம் காலை 11 மணி முதல் 1 மணி வரை. அதற்கு முன் வைத்தால் தொலைவிலிருந்து வருபவர் வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுவார், சர்க்கரை நோயாளிக்கு அது ஆபத்து. ஒலிவாங்கி உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும். பயணப்படியை அன்றே கையில் தாருங்கள். வங்கிக் கணக்கில் வரும் என்று சொன்னால் கூலி வேலை செய்பவர் அடுத்த முறை வர மாட்டார்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது, கூட்டத்துக்குப் பின் நடப்பது. வந்த ஆலோசனை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்றது, ஏற்காதது, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு, 45 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மறுப்பை நாங்கள் ஏற்போம். காரணம் தெரிந்தால் அடுத்த முறை மேலான யோசனையோடு வருவோம். பதிலே வராத சங்கம் இரண்டாம் கூட்டத்தோடு வருவதை நிறுத்திக்கொள்ளும்.

கொள்கை வகுப்பதிலும் நிறைவேற்றுவதிலும் முதியோர் பங்கேற்க வேண்டும், சங்கம் அமைக்க அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1991-லேயே தன் முதியோருக்கான கோட்பாடுகளில் சொல்லிவிட்டது. முதியோர் உரிமைகளுக்கெனச் சட்டப் பிணைப்புள்ள உடன்படிக்கை ஒன்றை எழுதும் பணிக்குழுவுக்கு 2025 ஏப்ரலில் மனித உரிமைகள் பேரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அந்த உடன்படிக்கைக்கு இந்தியா என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் மாநில மன்றத்தின் முன் வரட்டும்.

கிராமங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அக்டோபர் 1 உலக முதியோர் நாள், மறுநாள் கிராம சபை. அக்டோபர் 2 கிராம சபையின் பொருள் நிரலில் முதியோர் நலம் என்பதை நிலையான பொருளாகச் சேர்த்து ஆட்சியர்கள் சுற்றறிக்கை அனுப்பலாம். ஓய்வூதிய விண்ணப்பங்கள் எத்தனை நிலுவையில் உள்ளன, விரல் பதியாதவர்கள் எத்தனை பேர், தனியாக வசிப்பவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை ஊராட்சிச் செயலர் அங்கே வாசிக்கட்டும். அந்த எண்கள் மாவட்டக் குழுவுக்கு வந்தால் எங்கள் பேச்சு கணக்கோடு நிற்கும்.

முதல் மாவட்டக் குழுக் கூட்டத்துக்கான பொருளாக மூன்றைத் தருகிறோம். தீர்ப்பாய உத்தரவில் மூன்று மாதக் கெடுவை அச்சிடுவது, பதிவு அலுவலகத்தில் தனியாகக் கேட்கும் இரண்டு கேள்விகள், விரல் பதியாததற்கான சீட்டு. மூன்றுக்கும் வரைவு வாசகம் எங்களிடம் தயாராக இருக்கிறது. தேதியைக் குறித்து 30 நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும், வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் மூத்த குடிமக்கள் சங்கங்களின் பொறுப்பாளர்கள்