சத்தியும் நின்றது, குடலும் நின்றது

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. மலம் இறுகிக் கிடந்த அம்மாவுக்கு நேற்றுக் காலை வெளிக்குப் போய்விட்டது, ஐந்தாம் நாள். அதைச் சொன்னால்தான் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிப்பாய்.

"பிழையான மருந்து குடுத்திட்டினம் அப்பா" என்று போனில் அழுதாய். லைன் விட்டு விட்டு வந்ததில் என்னால் விளக்க முடியவில்லை. மருந்து சரியானதுதான். ஆனால் கீமோ ஏற்றிய இடத்தில் குளிசையைக் கையில் தந்து "இது சத்திக்கு" என்றதோடு சரி. மலம் இறுகும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தக் குளிசையின் பெயர் ஒன்டன்செட்ரோன். முப்பது வருசம் உயிரியல் படிப்பித்தவனுக்குப் பெயரைக் கண்டதும் பொறி தட்டியிருக்க வேணும். எனக்கு நாலாம் நாள்தான் தட்டியது.

செரட்டோனின் என்பது கலங்கள் செய்தி அனுப்பும் ஓர் இரசாயனம். உடம்பிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில்தான் இருக்கிறது. சாப்பாடு சுவரை அமத்த, உட்சுவர்க் கலங்கள் அதை விடும். பக்கத்து நரம்பு முனைகளிலுள்ள வாங்கிகள் பிடிக்கும். உடனே சாப்பாட்டுக்கு மேற்பக்கம் தசை இறுகும், கீழ்ப்பக்கம் தளரும், சாப்பாடு நகரும். வாங்கிகளில் பல வகை. நாலாம் வகை, நரம்பிலிருந்து அசற்றைல்கோலினைக் கூடுதலாக வரப்பண்ணும்; தசையைச் சுருக்குவது அதுதான். 2ஏ வகை தசையிலேயே குந்தியிருக்கிறது, நரம்பைக் கேட்காமலே சுருக்கும். 1957இல் காடம், பிக்கரெல்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கினிப்பன்றியின் குடல் துண்டைச் சுருங்க வைத்துப் பார்த்துத்தான் வாங்கி ஒன்றல்ல, இரண்டு என்று பிரித்தார்கள். ஒன்றை மோர்பின் தடுத்தது, மற்றதிடம் அதன் பருப்பு வேகவில்லை.

அம்மாவைப் படுத்தியது மூன்றாம் வகை. கீமோ மருந்து பட்டதும் அந்தக் கலங்கள் செரட்டோனினை ஒரேயடியாகக் கொட்டும். குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகசு நரம்பின் முனையிலுள்ள மூன்றாம் வகை வாங்கி அதைப் பிடித்து மூளைக்கு அறிவிக்க, சத்தி. ஒன்டன்செட்ரோன் போய் அந்த வாங்கியை மறித்துக்கொள்ளும். ஆனால் அதே வாங்கி குடலின் சொந்த நரம்புகளிலும் உண்டே! அங்கேயும் மறித்தால் குடல் சோம்பாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் அம்மாவுக்குக் கட்டிலடியில் இருந்து சொல்லி முடித்தேன். "இஞ்சாருங்கோ, துருசை இறக்கினால் கீழ்வயலுக்குத் தண்ணி வராது எண்டு சொல்ல இவ்வளவு படிப்பே?" என்றா. உதாரணம் பிழை. குடலில் அடைப்பில்லை, தள்ளுவதுதான் குறைந்தது. ஆனால் வாதாட அவவுக்குத் தெம்பு வந்திருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

டொக்டரிடம் போய்க் கேட்டேன். லக்டுலோஸ் பாணி எழுதித் தந்தார், அடுத்த முறை குளிசை தொடங்கும் அன்றே அதையும் தொடங்கச் சொன்னார். வேலியோரப் பப்பாசி பழுத்திருக்கிறது. பாதி அணிலுக்கு, பாதி அம்மாவுக்கு.

அடுத்த கீமோ புதன்கிழமை. இங்கத்தே நேரம் இரவு எட்டுக்குப் பிறகு எடு, அப்போதுதான் லைன் தெளிவு.

அப்பா