ஒன்வே டிக்கெட்டா கோத்து உலகம் சுத்தலாம் மாப்ள

திருப்பாப்புலியூர், கடலூர்

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், வீட்டுலயும் போட்டுக் காட்டுனேன். தேவனாம்பட்டினம் காலேஜ்ல படிக்கிறப்பவே கடலப் பாத்து உக்காந்துகிட்டு இந்தப் பக்கமா போயி அந்தப் பக்கமா திரும்பி வரணும்டானு சொல்லுவியே, இப்ப என் தங்கச்சியயும் கூட்டிகிட்டு நெசமாவே கெளம்புறேன்னு சொன்னதும் எனக்கே கெளம்புற மாதிரி இருக்கு. அத்தன வருஷம் டிக்கெட்டிங் சீட்ல உக்காந்திருந்தவன் நானு, எனக்குத் தெரிஞ்சத பூரா எழுதிடறேன், பொறுமையா படி.

மொதல்ல அந்த ரவுண்ட் த வேர்ல்ட் டிக்கெட். ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டுனு ரெண்டு ஏர்லைன்ஸ் கூட்டணிலயும் இருக்கு, ஒரே திசையில போகணும், பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் ஒரு ஒரு தடவ தாண்டணும், ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும். பத்துப் பன்னெண்டு ஊரு எறங்குறவனுக்கு, தென் அமெரிக்கா ஆஸ்திரேலியான்னு போறவனுக்கு அது நல்லதுதான். உங்களுக்கு கோலாலம்பூர், டோக்கியோ, அமெரிக்கா, பாரீஸ்ல மக வீடு, அப்புறம் நம்ம ஊரு, அவ்ளோதான். இதுக்கு அது வேணாம், தனித்தனி ஒன்வேயா எடு.

ஆனா ஒன்வேனாலே மலிவுன்னு நெனைக்காத. பெரிய ஏர்லைன்ஸ் நெறைய பேரு, முக்கியமா அட்லாண்டிக் ரூட்ல, ஒத்த வழிக்கே ரிட்டர்ன் ரேட்டுக்கு பக்கத்துல கேப்பான், சில நேரம் அதுக்கும் மேல. லோ காஸ்ட் காரன்தான் ஒவ்வொரு வழியையும் தனியா வெல போட்டு விப்பான். அதனால எந்த ஊருக்குப் போகணும்னு மட்டும் பாக்காம எந்த ஊருலேருந்து கடலத் தாண்டுனா கம்மின்னு பாரு, காசு மிச்சமாகுறது அந்த ரெண்டு தாண்டுலதான், மத்ததெல்லாம் சில்லறை. பசிபிக்குக்கு டோக்கியோ நரீட்டாலேருந்து ஸிப்ஏர் இருக்கு, ஜப்பான் ஏர்லைன்ஸோட தம்பி கம்பெனி, லாஸ் ஏஞ்சலஸ் சான் பிரான்சிஸ்கோ ரெண்டுக்கும் போவான். அட்லாண்டிக்குக்கு நியூயார்க் பக்கத்து நூவர்க்லேருந்து பிரெஞ்ச் பீ, பாரீஸ் ஓர்லில எறக்கி விடுவான். நியூயார்க்லேருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஓடுது, அதையும் ஒரு பார்வ பாரு. டோக்கியோ வரைக்கும் ஏர்ஏசியா, சென்னைலேருந்தும் திருச்சிலேருந்தும் கோலாலம்பூர் இருக்கு, ரெண்டு ஊரு ரேட்டையும் வச்சு பாக்காம புக் பண்ணாத. பாண்டி லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல வெளிநாட்டு ப்ளேன் கெடையாது, உனக்கே தெரியும்.

லண்டன் வழியா கம்மியா காட்டும், ஆசப்படாத. அங்க எறங்கித் தங்குனா உனக்கு இடிஏங்குற ஆன்லைன் அனுமதி எடுக்கணும், தங்கச்சிக்கு தனியா விசாவே எடுக்கணும், மிச்சம் பண்ண காசு அதுலயே போயிடும்.

இனிமே சொல்றதுதான் முக்கியம், ஏன்னா ஒரே வீட்டுல ரெண்டு பாஸ்போர்ட். உனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், அமெரிக்காவுக்கு எஸ்டா (விசா இல்லாம போறதுக்கு ஆன்லைன்ல வாங்குற அனுமதி) போட்டா போதும், சுமார் 40 டாலர். ஆனா எஸ்டால போறவன் கையில அமெரிக்காவ விட்டு வெளிய போற டிக்கெட் இருக்கணும், அப்புறமா பஸ்ல கனடா போயிடுவேன் மெக்சிகோ போயிடுவேன்னு சொன்னா செல்லாது. நரீட்டா கவுண்டர்லயே கேப்பான், இல்லன்னா போர்டிங் பாஸ் கெடையாது. அதனால நியூயார்க் - பாரீஸ் டிக்கெட்ட எடுத்த பெறகுதான் டோக்கியோல ப்ளேன் ஏறணும். தங்கச்சிக்கு இந்தியன் பாஸ்போர்ட், அவங்களுக்கு அமெரிக்கா போக பி1 பி2ங்குற டூரிஸ்ட் விசா 185 டாலர், சென்னை ஜெமினி பாலத்துகிட்ட அமெரிக்க கான்சுலேட்ல இன்டர்வியூ தேதி கெடைக்கிறதுக்கே நாளாகும், அது கைக்கு வராம ஒரு டிக்கெட்டும் எடுக்காதீங்க. ஜப்பானுக்கும் அவங்களுக்கு விசா வேணும். மலேசியாவுக்கு இப்ப ரெண்டு பேருக்குமே விசா வேணாம், போறதுக்கு 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல அந்த அரைவல் கார்ட மட்டும் ரொப்பிடுங்க. நான் சிங்கப்பூர விட்டுட்டு கோலாலம்பூர் சொல்றதும் இதுக்குத்தான், தனித்தனி டிக்கெட்னா பொட்டிய எறங்குன ஊர்ல வெளிய எடுத்து மறுபடி போடணும், வெளிய வரணும்னா அந்த ஊருக்குள்ள நொழைய அனுமதி வேணும், சிங்கப்பூர்ல நீ நடந்து வெளிய வந்துடுவ, தங்கச்சிக்கு விசா விதிய தனியா பாக்கணும்.

தேடுறப்ப ஒண்ணு பண்ணு. ஒரே ப்ளேன்ல ஒரே எக்கனாமிலயே பல ரேட்டு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு எழுத்துலயும் இத்தன சீட்டுனு கணக்கு. நீ 2 பேருன்னு போட்டு தேடுறப்ப கம்மி ரேட்டுல ஒரே ஒரு சீட்டுதான் பாக்கின்னா அத உனக்கு குடுத்துட்டு தங்கச்சிக்கு மட்டும் மேல் ரேட்டு போட மாட்டான், பெரும்பாலும் ரெண்டு பேரையும் சேத்து மேல தூக்கிடுவான். அதனால மொதல்ல 1 பேருன்னு போட்டு பாரு, அப்புறம் 2 போடு, வித்தியாசம் வந்துச்சுன்னா தனித்தனியா எடு. கவுண்டர்ல எத்தனையோ குடும்பத்துக்கு நான் இப்படித்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். பிரவுசரோட சீக்ரெட் விண்டோல தேடுனா கொறையும்னு சொல்றதுல ஒண்ணும் இல்ல. காசு கட்டுறப்ப யூரோவுக்கு உன் பிரெஞ்சு பேங்க் கார்ட போடு, நம்மூரு கார்டுன்னா கரன்சி மாத்துறதுக்கே 3.5 சதவீதம் வரைக்கும் புடிப்பான். அப்புறம் பொட்டி, ஏர்ஏசியா ஸிப்ஏர் ரெண்டுலயும் சும்மா கொண்டு போறது 7 கிலோதான், கேட்ல எட போட்டா அங்க கட்டுறது ரொம்ப அதிகம், மகளுக்குன்னு தங்கச்சி ஊறுகா கருவாடு கட்டுவாங்கன்னா மொதல்லயே பேகேஜ் வாங்கிடு.

எப்ப போறதுன்னு கேட்டல்ல, அக்டோபர் ஆரம்பம் நல்லது. ஜப்பான்ல செர்ரி பூ கூட்டமும் இருக்காது, அமெரிக்கா பாரீஸ்லயும் கோடை ரேட்டு எறங்கியிருக்கும், டிசம்பர் பாதி வந்தா கிறிஸ்மஸுக்கு மறுபடி ஏறிடும், அதுக்குள்ள திரும்பிடணும். டோக்கியோலேருந்து மத்தியானம் கெளம்பி லாஸ் ஏஞ்சலஸ்ல அன்னிக்கே காலையில எறங்குவீங்க, தேதிக் கோட்டத் தாண்டுறதால, ஓட்டல் புக் பண்றப்ப அடுத்த நாளுன்னு போட்டுடாத.

கடைசி பாரீஸ் - சென்னைய மட்டும் லோ காஸ்ட்ல துண்டு துண்டா எடுக்காத மாப்ள. கல்ஃப் வழியா வர்ற பெரிய ஏர்லைன்ஸ்ல, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிக்கெட்டா, கொஞ்சம் கூடன்னாலும் எடு. நீங்க திரும்புற நேரம் நம்ம கரைக்கு புயல் காலம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் அன்னிக்கு நீ முட்டி அளவு தண்ணியில நின்னு போன் பண்ண, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டே மூடிட்டான். ஒரே டிக்கெட்னா அடுத்த ப்ளேன்ல ஏத்தி விடுறது அவன் பொறுப்பு, தனித்தனியா எடுத்திருந்தா துபாய்லயோ தோஹாலயோ உக்காந்து புதுசா டிக்கெட் வாங்கணும், இந்த வயசுல அந்த அலச்சல் உங்களுக்கு வேணாம்.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சின்னவளுக்கு நெய்வேலில வேல கெடச்சிருக்கு, தெனம் பஸ்ல போயிட்டு வர்றா. முதுநகர்ல மீனு வரத்து நல்லா இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க, வஞ்சரம் வாங்கி வைக்கிறேன், அப்படியே லேப்டாப்ப தொறந்து வச்சு உக்காந்து எடுத்துடலாம். ரெண்டு பாஸ்போர்ட்டும் எந்த தேதி வரைக்கும் இருக்குன்னு பாத்து சொல்லு, திரும்பி வர்ற தேதிக்கு மேல 6 மாசம் இருக்கணும், உன்னோடத புதுப்பிக்கணும்னா பாண்டி பிரெஞ்சு கான்சுலேட்ல இப்பவே அப்பாயின்ட்மென்ட் போட்டுடு.

அன்புடன்,
உன் மச்சான்