கடைசித் திங்களன்று நீலக் கோட்டில் வந்து நிற்காதீர்கள்

கனடாவின் ரிடோ கால்வாயில் படகு ஓட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். மே நடுவில் திறக்கும் லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர்த்தொட்டிகள்) அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையோடு மூடிவிடுகின்றன. இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே" என்று படகை ஏரியிலேயே போட்டுவைத்துவிட்டு, அந்தத் திங்களன்று மதியத்துக்கு மேல் அடித்துப்பிடித்துக்கொண்டு வருகிறோம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நானும் அப்படி வந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைசி நாள். லாக்குக்குள் போகப் படகுகள் காத்து நிற்கும் நீலக் கோட்டில் எனக்கு முன்னால் ஐந்து படகுகள். என் முறை வரும்போது வெயில் போய்க் குளிர்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பணியாளர்கள் இரண்டு பேர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஈரச் சங்கிலி கறகறவென்று நகர்ந்து கதவு மூடியது. சுவரில் தொங்கும் கம்பிவடத்தில் கயிற்றைச் சும்மா சுற்றிப் பிடித்தால் போதும். நானோ அவசரத்தில் முடிச்சே போட்டுவிட்டேன். தண்ணீர் இறங்க இறங்கப் படகின் ஒரு பக்கம் மட்டும் மேலே தொங்கத் தொடங்கியது. மேலே நின்றவர் பார்த்துவிட்டு ஓடிப்போய் மதகை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

1832-இல் திறந்த இந்த 202 கிலோமீட்டர் வழியில் நியூபரோ, பிளாக் ராப்பிட்ஸ், ஸ்மித்ஸ் ஃபால்ஸில் ஒன்று, இவை தவிர மற்ற லாக்குகளில் இன்றைக்கும் கையால்தான் சுற்றுகிறார்கள். ஒட்டாவாவில் படிபோல் அடுத்தடுத்து இருக்கும் எட்டு லாக்குகளையும் கடக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நாம் சாயங்காலம் போய் நின்றால் யார் கை வலிக்கும் என்று யோசியுங்கள். (அன்றைக்குப் பார்த்துத்தான் பலருக்கும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேக வரம்பு மறந்துபோகிறது. அலை அடித்துக் கரை கரைகிறது.)

லாக் மூடியதும் தண்ணீரும் நமக்காகக் காத்திருக்காது. பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இடம் வேண்டுமென்று ஏரிகளின் மட்டத்தைக் குறைப்பார்கள். ஒட்டாவா நகரப் பகுதியில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். நல்ல குளிர் வந்து உறைந்தால் அங்கேதான் 7.8 கிலோமீட்டருக்குப் பனிச்சறுக்கு ஓடுகிறோம். அங்கே மாட்டிக்கொண்ட படகு சேற்றில்தான் உட்கார வேண்டும்.

ஆகவே, ஒரு வாரம் முன்னதாகவே படகைக் கரையேற்றிவிடுங்கள். சாவகாசமாக அடித்தட்டில் தேங்கிய நீரை வடித்து, ஒட்டியிருக்கும் வரிச் சிப்பிகளை (ஸீப்ரா மசல்) சுரண்டி, நன்றாகக் காயவிடலாம். அவசரத்தில் கரையேற்றும்போது முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

என் படகு இந்த முறை முந்தின சனிக்கிழமையே டிரெய்லரில் ஏறிவிடும். திங்களன்று லாக் ஓரத்துப் புல்தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். சரி, நீங்களும் படகில்லாமல் வாருங்கள், பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு படகுக்காரன்