என் பெயரைத் திருத்த வேண்டாம், ஐயா

எங்கள் கரையில் ஆதார், ரேஷன் அட்டை, மீனவர் அட்டை எல்லாவற்றிலும் பெயர் அடித்துத் தரும் அலுவலர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கோஷன். இதை உங்களிடம் எத்தனையாவது முறையாகச் சொல்கிறேன் என்பது எனக்கும் நினைவில்லை, உங்களுக்கும் இருக்காது. சங்கதி நீங்கள் அறிந்ததுதான். ரேஷன் அட்டையில் கோசன், ஆதாரில் கோசலன், சங்கப் புத்தகத்தில் கேசவன், வங்கிப் புத்தகத்தில் மட்டும் எப்படியோ கோஷன். நான்கு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே கதவு எண். இந்த வருட மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நான்கு பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

அதைக் கேட்கத்தான் போன வாரம் வந்தேன். வரிசையில் இரண்டரை மணி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி நல்ல பிள்ளைதான், முகம் சுளிக்கவில்லை. தாள்களைப் புரட்டிவிட்டு, "அண்ணே, இது என்ன பேருன்னே தெரியல. பேசாம கேசவன்னு மாத்தி கெஜட்ல போட்டுருங்க. நல்ல பேருதான?" என்றார்.

நல்ல பெயர்தான். என் பெயர் இல்லை, அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொள்ள நான் வரவில்லை. இருக்கிற பெயரை இருக்கிறபடி எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

ஒரு காலத்தில் எனக்கே இந்தப் பெயர் பிடிக்காது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சிலிருந்து "வாழ்க! ஒழிக!" என்று சத்தம் வரும். கோஷம் போடுகிறார்களாம். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அழுதுகொண்டே வந்து தாத்தாவிடம் சண்டை பிடித்தேன். செந்தில், குமார், முருகன் என்று ஊரில் எத்தனை பேர் கிடக்கிறது, உங்களுக்கு இதுதானா கிடைத்தது என்று. அவர் ஒன்றும் பேசாமல் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு சுள்ளியை எடுத்து, ஈர மணலில் ஏழு ஆங்கில எழுத்துகளை எழுதினார். தாத்தாவுக்குத் தமிழே எழுதத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் அந்த ஏழு எழுத்தும் அச்சு மாதிரி விழுந்தன.

அவர் தனுஷ்கோடியில் போர்ட்டராக இருந்தவர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளைக் கப்பலுக்குச் சுமப்பது வேலை. தலைமன்னாருக்குப் போன அந்தக் கப்பல்களில் ஒன்று இர்வின், இன்னொன்று கோஷன். தலையில் பெட்டியோடு அந்தப் பெயரைத் தினமும் பார்த்துப் பார்த்து, படிக்கத் தெரியாமலே படமாக மனதில் பதித்துவிட்டார். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஸ்டேஷன், ரயில், ஜெட்டி, எங்கள் வீடு எல்லாமே போனது. ஒரு துக்க வீட்டுக்காக அன்றைக்கு ராமேசுவரம் வந்திருந்ததால் தாத்தா மிஞ்சினார். அவரோடு மிஞ்சியது போர்ட்டர்கள் கையில் கட்டும், எண் போட்ட பித்தளை வில்லை. 1979-ல் நான் பிறந்ததும் அந்த வில்லையைத் தொட்டிலில் போட்டு, "இவன் பேரு கோஷன்" என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக் கப்பல்தான நமக்குக் கஞ்சி ஊத்துச்சு" என்றாராம்.

இன்னமும் வருடா வருடம் பொங்கலுக்கு அம்மா அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்க்கிறார். ஓரங்களில் பச்சைக் களிம்பு போகவே போகாது. எண் மட்டும் பளிச்சென்று தெரியும்.

சென்னை மாகாணத்தில் 1924 முதல் 1929 வரை கவர்னராக இருந்த துரையின் பெயர்தான் கோஷன், வெள்ளைக்காரன் பெயரை இன்னும் சுமக்கிறாயே என்று உங்களில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். தாத்தாவுக்கு அந்தத் துரையைத் தெரியாது ஐயா. அவர் சுமந்தது பெட்டிகளை. என் தம்பி பெயர் இர்வின். அவன் பெயரில் ஓர் எழுத்தும் பிசகவில்லை, ஆனால் மதம் என்ற கட்டத்தில் நீங்களாகவே கிறிஸ்தவன் என்று அடித்துவிட்டீர்கள். குலதெய்வம் முனியசாமிக்குக் கிடா வெட்டுகிற வீடு எங்களுடையது. அது தனி வழக்கு, விடுங்கள்.

பெயரில் ஓர் எழுத்து பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். போன வருடம் ஆடி மாதம், ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதால் கடைசி நேரத்தில் வேறு படகில் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை, அது என் தப்புதான். கியர்பாக்ஸ் உடைந்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கடலில் கிடந்தோம். கரையில் திரும்பாத படகுக்காரர்களின் பெயர்களை கடலுக்குப் போகும்போது வாங்கும் டோக்கன் பட்டியலைப் பார்த்து வாசித்திருக்கிறார்கள். என் மனைவியும் கூட்டத்தில் நின்று ஐந்து பெயரையும் கேட்டிருக்கிறாள். ஆதாரில் உள்ளபடி கோசலன் என்று வாசித்தார்கள். "ஒன் வீட்டுக்காரர் இதுல இல்லம்மா, வேற போட்ல வந்துருவாரு" என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் நிம்மதியாக வீட்டுக்குப் போய், உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டதுபோக எனக்கென்று சோற்றை மூடி வைத்திருக்கிறாள். மறுநாள் சாயந்தரம் எங்களைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்த படகு கரை தட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரியும். அவள் அழவில்லை. ஆதார் அட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். உங்கள் திருத்த விண்ணப்பத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதித் தருகிறேன்.

2020 ஜூனில் 1018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று அரசாங்கம் ஓர் ஆணையை வெளியிட்டது. சில நாளிலேயே அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. ஆயிரத்துப் பதினெட்டு ஊரின் எழுத்தை மாற்றி, மாற்றியதை வாபஸ் வாங்க அவ்வளவு நாள்தான். ஓர் ஆளின் பெயருக்கு நான் மூன்று வருடமாக அலைகிறேன். அடுத்த முறை ஊராகப் பிறக்க வேண்டும் போல.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கேட்பது இதுதான். எல்லா அட்டையிலும் கோஷன் என்றே எழுதுங்கள். கெஜட் வேண்டாம், கேசவன் வேண்டாம். வங்கிப் புத்தகத்திலும் என் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் சரியாகவே இருக்கிறது, இரண்டையும் எடுத்துவருகிறேன். வருகிற திங்கட்கிழமை காலை வருவேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக நானே சொல்கிறேன், நீங்கள் அடித்தால் போதும்.

அன்றைக்கு என்னோடு நம்புத்தாய் அக்காவும் வருவார். நம்புநாயகி அம்மன் பெயர். அதை நீங்கள் நம்பி என்று திருத்தி, ஆண் என்றும் போட்டிருக்கிறீர்கள். அவரையும் உட்கார வைத்துப் பார்த்துத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோஷன்
ராமேசுவரம்