ஏழு படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த பங்கு மக்களே,

லூர்து மாதா கெபி (மாதா சுரூபம் வைத்த குகை) வளாகத்திலும் பழைய மருந்தகக் கட்டடத்திலும் நாம் தொடங்கிய திருப்பணி நல்லபடியாக முடிந்துவிட்டது. பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று மாலைத் திருப்பலிக்குப் பிறகு பங்குத்தந்தை புதிய அறைகளை மந்திரித்துத் திறந்து வைத்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-ல் உலக நோயாளர் நாளாக அறிவித்ததும் இதே நாள்தான் என்பதால், குழு வேறு தேதி எதையும் யோசிக்கவில்லை. அன்று வர முடியாமல் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும், வெளியூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பணம் அனுப்பிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கும் நடந்ததை முழுசாகச் சொல்லிவிட இந்த அறிக்கையை எழுதுகிறோம்.

இந்த வேலை எங்கே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. முதலில் நாம் பேசியது கெபிக்குக் கிரானைட் பதிப்பது பற்றியும், முன்னால் ஒரு பெரிய வளைவு கட்டுவது பற்றியும்தான். அதற்கு விலைப்பட்டியல்கூட வாங்கியாயிற்று. அந்தத் தவக்காலத்தில்தான், வெகுநாளாகக் கோயிலுக்கு வராதவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என்று அன்பியங்கள் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) பெயர் எழுதினார்கள். கொரோனா காலத்தில் டி.வி.யில் திருப்பலி பார்த்துப் பழகியவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். போன இடத்தில் கேட்டதோ வேறு. தெற்குத் தெருவில் ஒரு பாட்டி, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி சொன்னார்: “பக்தி போகல மக்களே, முட்டுதான் மடங்கல. அந்த ஏழு படிய ஆரு ஏறுவா?”

நம் கோயிலுக்கு ஏழு படி. நாம் எல்லாரும் ஓடி ஏறி விளையாடிய படி. அதை ஒரு தடையாக நாங்கள் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் அன்பியச் செயலாளர்கள் அந்தப் பெயர்களை வாசித்தார்கள். முட்டு வலி, பக்கவாதம், சர்க்கரையால் விரல் எடுத்தது, பனையிலிருந்து விழுந்தது என்று வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருந்தது. வாசித்து முடித்த பிறகு கிரானைட் பற்றி யாரும் பேசவில்லை. விலைப்பட்டியலை மடித்து வைத்துவிட்டோம்.

சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு படி ஆறு அங்குலம் உயரம், ஏழு படிக்கு மூன்றரை அடி. இடத்தை மிச்சப்படுத்த நினைத்து, பக்கவாட்டில் இருபது அடி நீளத்தில் சரிவு போட்டால் போதும் என்று குழுதான் கொத்தனாரிடம் சொன்னது. கான்கிரீட் காய்ந்ததும், பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன நம் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொன்னோம். சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளிப் பாதி வந்தார். கை நடுங்கியது. நாற்காலி பின்னால் இறங்கப் பார்த்தது, இரண்டு பேர் ஓடிப் பிடித்தோம். அவர் கோபப்படவில்லை. “அண்ணே, ஆராவது தள்ளுனா வரலாம். நானாட்டு வர முடியாது” என்றார்.

அந்தப் பேச்சு எங்களைத் தூங்கவிடவில்லை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சக்கர நாற்காலிக்கான கணக்கு என்று பிறகு ஒரு பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதன்படி நமக்கு நாற்பத்திரண்டு அடி வேண்டும். போட்டதை உடைத்தோம். பாதிரியார் பங்களாச் சுவரோரம் நின்ற இரண்டு செம்பருத்திச் செடியை இடம் மாற்றி, சாய்தளத்தை நடுவில் ஒரு முறை திருப்பி, திரும்பும் இடத்தில் மூச்சு வாங்கி நிற்க ஒரு சமதளம் விட்டோம். நாலடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அதே தம்பி இரண்டாம் முறை யார் கையும் படாமல் ஏறி, நடுப்பாதை வழியாகப் பீடத்துக்கு முன் வந்து நின்றார். அன்று கோயிலில் இருந்தது நாங்கள் நாலைந்து பேர்தான். உடைத்த கான்கிரீட்டுக்கு ஆன செலவை யாராவது கேட்டால், அந்தக் காலை நேரத்தைத்தான் பதிலாகச் சொல்வோம்.

அப்புறம் மருந்தகம். அருட்சகோதரிகள் ஒரு காலத்தில் ஊசியும் மருந்தும் கொடுத்த கட்டடம் என்பது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சகோதரிகள் போன பிறகு சப்பரமும் பந்தல் சாமானும் போட்டு வைக்கிற அறையாகிவிட்டது. ஓட்டைப் பிரித்தபோது கழுக்கோல்களில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. அயனி மர உத்திரம் மட்டும் கல்லு மாதிரி இருந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டோம். நம் மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே! ஜூன் மழையில் ஒரு தடவையும் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் வேலை நின்றது. கூரை இல்லாமல் நின்ற அந்த நாட்களில் பங்குத்தந்தை மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை எடுத்து மறையுரை வைத்தார். முடக்குவாதக்காரரை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்தப் பகுதி. இயேசு அந்த நாலு பேருடைய நம்பிக்கையையும் பார்த்தார் என்று அவர் சொன்னதிலிருந்துதான் வீட்டுச் சந்திப்புக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கூடினார்கள். கட்டடம் நிறைவாகக் கட்டப்பட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இப்போது அங்கே இரண்டு அறையும், சக்கர நாற்காலி உள்ளே திரும்பும் அளவுக்கு அகலமான ஒரு கழிப்பறையும் இருக்கின்றன. முன்னறை உட்கார்ந்து பேசவும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவும். பின்னறையில் இரவல் கொடுக்கும் சாமான்கள்: காற்று மெத்தை, சாய்க்கும் கட்டில், வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி. வேண்டியவர் எடுத்துப் போகலாம், தேவை முடிந்ததும் கழுவித் திருப்பித் தர வேண்டும், வாடகை கிடையாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பதையும், எப்படித் திருப்புவது என்பதையும் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் நம் தொண்டர்களுக்குக் கட்டிலில் ஆளைப் படுக்க வைத்தே சொல்லிக் கொடுத்தார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டு வருவது நமக்குத் தெரியும். அவர்கள் செய்வதை நாம் திரும்பச் செய்யத் தேவையில்லை. அவர்களுக்குத் தெரியாத வீட்டைக் காட்டுவது, மாத்திரை தீர்ந்ததா என்று பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது இவைதான் நம் வேலை.

இரவல் நோட்டில் பெயர், தெரு, சாமான், தேதி என்று நாலு கட்டம் போட்டிருக்கிறோம். மதத்துக்குக் கட்டம் கிடையாது. முதல் காற்று மெத்தை போனது அம்மன் கோயில் தெருவுக்கு. அந்த வீட்டுப் பிள்ளை மெத்தையைத் திருப்பிக் கொண்டு வந்தபோது, அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்திருந்தது. கெபிக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு, பேசாமல் நின்றுவிட்டுப் போனார்.

நோயுற்றவருக்காகச் சாமியார் ஜெபித்து எண்ணெய் பூசும் அருளடையாளமான நோயில்பூசுதலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று பெரியவர்கள் சொல்லிய காலம் மனதை விட்டுப் போகவில்லை. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் வந்தால், அந்த வீட்டில் ஆள் முடிந்தது என்றே இன்னும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில் மகன் வாசலிலேயே நின்று, “அம்மா பயந்துருவாங்க சாமி, இப்போ வேண்டாம்” என்று திருப்பி அனுப்பினார். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே இதைச் சாகப்போகிறவருக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்று தெளிவாகச் சொல்லி, 1972-ல் புதிய சடங்குமுறையும் வந்துவிட்டது. நோயுற்றவர் மூப்பர்களை அழைத்து மன்றாடச் சொல்லி எண்ணெய் பூசப்பெறட்டும் என்று யாக்கோபு எழுதியதும் (5:14) பிழைத்தெழுவதை எண்ணித்தான். திறப்பு நாளன்று, முதியோரையும் நோயாளிகளையும் முன் வரிசையில் அமர்த்தி எல்லாருக்கும் நெற்றியிலும் கைகளிலும் பூசினார் பங்குத்தந்தை. வாசலில் நின்று மறுத்த அந்த மகன்தான் அம்மாவைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். எண்ணெய் பட்ட கையை அந்த அம்மா துடைக்கவே இல்லை, மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குணமளிக்கும் வழிபாடு முதல் வெள்ளிக்கிழமைகளில் தொடர்ந்து நடக்கும். அதில் ஒன்றை உறுதியாகச் சொல்லிக்கொள்கிறோம். ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று இந்த வளாகத்தில் யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. வேறோர் இடத்தில் ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து சர்க்கரை மாத்திரையை நிறுத்திய நம் பங்குச் சகோதரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வேதனை மறுபடி வேண்டாம். பிரான்சில் உள்ள லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவர்கள் அலுவலகம் ஒன்று இருக்கிறது. குணமானதாகச் சொல்லி அங்கே பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல். மருத்துவர்கள் அலசி, பிறகு திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும். மாதாவின் பேரில் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற ஊரே மருத்துவரிடம் கேட்டுத்தான் பேசுகிறது. கெபித் தண்ணீரைக் குடியுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

கணக்கு. அன்பியங்கள் வழியாக வந்தது 5,86,000 ரூபாய். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் அனுப்பியது 3,10,000. கெபி காணிக்கைப் பெட்டியில் 74,500, அசன (திருவிழா விருந்து) ஏலத்தில் 41,500. ஆக வரவு 10,12,000. உடைத்துக் கட்டியதையும் சேர்த்துச் சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் 2,38,000, மருந்தகக் கட்டடத்துக்கு 4,96,000, கழிப்பறைக்கு 1,42,000, கட்டில் முதலான சாமான்களுக்கு 97,000. செலவு 9,73,000 போக மீதி 39,000 பங்குக் கணக்கில் இருக்கிறது. பணம் கொடுக்க முடியாத குடும்பங்கள் மண் சுமந்தும் ஓடு கழுவியும் கொடுத்த நாட்களுக்கு நாங்கள் விலை போடவில்லை. பில்களும் ரசீதுகளும் பங்கு அலுவலகத்தில் உள்ளன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மிச்சம் இருக்கும் வேலை இரண்டு. சாய்தளத்தின் திருப்பத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. அடுத்த மழைக்கு முன் வடிகால் போட வேண்டும், மீதிப் பணம் அதற்குத்தான். இன்னொன்று, வடக்கு அன்பியத்துக்கு வீட்டுச் சந்திப்புக்கு இன்னும் ஆள் போதவில்லை, குறிப்பாக ஆண் நோயாளிகளைத் தூக்கித் திருப்ப இளைஞர்கள் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் மருந்தக முன்னறைக்கு வாருங்கள். சாவி உபதேசியார் வீட்டில் இருக்கும். இராத்திரி எந்த நேரம் மெத்தையோ நாற்காலியோ தேவைப்பட்டாலும் தயங்காமல் கதவைத் தட்டலாம்.

இறைப்பணியில்,
திருப்பணிக் குழு