பிப்ரவரியில் வா

நைரோபி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால்நடை மருத்துவர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீயும், எனக்குத் தங்கை போன்ற உன் மனைவியும் ஆப்பிரிக்கக் காடுகளைப் பார்க்க வரப்போவதாகவும், ஆகஸ்டு மாதத்தில் விலங்குகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காண வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். வருவதில் எனக்குள்ள மகிழ்ச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆகஸ்டு வேண்டாம், பிப்ரவரியில் வா. ஆகஸ்டு எங்கள் சுற்றுலாத் தொழிலுக்கு அறுவடைக் காலம். அதை விட்டுவிட்டு வேறொரு மாதத்தைச் சொல்வதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆற்றைக் கடக்கும் காட்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கேட்டி தேசியப் பூங்காவின் வடக்கிலும் கென்யாவின் மாசாய் மாரா காப்புக்காட்டிலும், மாட்டைப் போல் தோன்றும் மானினமான வில்டபீஸ்ட் கூட்டங்கள் கரைக்கு வந்து, தயங்கி, திரும்பிப் போய், மறுபடியும் வந்து, முதலாவது குதித்த மறுகணமே ஆயிரக்கணக்கில் பாய்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. தொலைக்காட்சியில் காட்டாமல் விடுவது கரையில் நிற்கும் வண்டிகளை. விலங்குகள் இறங்க வேண்டிய சரிவிலேயே லேண்ட் க்ரூசர்கள் வரிசை கட்டி நிற்க, மிரண்ட கூட்டம் கடக்காமலேயே திரும்பிவிடுவதும் உண்டு. வெளிநாட்டவருக்கான மாசாய் மாரா நுழைவுக் கட்டணமும் 2024 முதல் ஆண்டின் முற்பாதியில் நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர் என்றாகிவிட்டது. இரு மடங்கு பணம் கட்டி, பாதி நாள் வெயிலில் காத்திருந்து, முன்னால் நிற்கும் வண்டியின் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. புலி எங்கே இருக்கும் என்று நம் ஊர்ப் பயணிகள் கேட்கும்போது, இந்தக் கண்டத்துக் காட்டில் புலியே கிடையாது என்று விளக்குவதுகூட அதைவிட எளிது.

பிப்ரவரியில் இதே கூட்டம் தான்சானியாவில், செரெங்கேட்டியின் தெற்கு எல்லையை ஒட்டிய என்டூட்டுச் சமவெளியில் இருக்கும். அங்கே புல் குட்டையாகத்தான் வளரும். ஆனால் எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைப்பதால் அதில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. சினையாக இருக்கும் மாட்டுக்கும் பால் கொடுக்கும் மாட்டுக்கும் அவை எதற்கு வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை நின்றதும் அந்தச் சமவெளியில் தண்ணீர் வற்றிவிடும் என்பதால்தான் கூட்டங்கள் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குகின்றன. அதற்கு முன், ஜனவரி இறுதியிலிருந்து மார்ச்சுக்குள் ஏறத்தாழ 5 லட்சம் கன்றுகள் பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடும். கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் ஈன்றுவிடுவதுதான் அந்த இனம் கண்ட பாதுகாப்பு.

ஒரு ஈற்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். கூட்டத்திலிருந்து சற்று விலகிப் படுத்த தாயின் பின்னால் சவ்வு மூடிய இரண்டு சிறு குளம்புகள் தெரிந்தன. அது எழுந்து நாலடி நடந்து, மறுபடி படுத்து முக்கியது. கன்று தரையில் விழுந்ததும் நக்கத் தொடங்கியது. கன்று பின்னங்கால்களை முதலில் ஊன்றி, மூக்கு மண்ணில் குத்த விழுந்து, மீண்டும் எழுந்து, சில நிமிடங்களில் நாலு காலிலும் நின்றுவிட்டது. நின்றவுடன் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே மடியைத் தேடியது. எங்கள் ஓட்டுநர், அவரே வழிகாட்டியும்கூட, தாய்க்கும் கூட்டத்துக்கும் குறுக்கே போகாமல் வண்டியை எட்ட நிறுத்தி, என்ஜினை அணைத்து, கன்று ஓடத் தொடங்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. விளம்பரங்களில் குளியல் தொட்டி வைத்த கூடாரத்தைக் காட்டுவார்கள். பயணத்தின் தரத்தை முடிவு செய்பவர் இந்த ஓட்டுநர்தான். கென்யாவில் வழிகாட்டிகளுக்கென்றே சங்கம் இருக்கிறது. தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரிக்கிறது. எந்த மாதத்தில், எந்த இடத்துக்கு, யாரை யாரோடு அனுப்புவது என்று பொருத்திப் பார்ப்பதில்தான் எனக்கு இந்தத் தொழில் இன்னும் சலிக்காமல் இருக்கிறது.

உன்னைக் குறிப்பாக அங்கே அழைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நீ வேலையில் சேர்ந்த புதிதில், மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய்த் தடுப்பூசிக்காகக் குளிர்ப்பெட்டியும் கையுமாகக் கிராமம் கிராமமாகச் சுற்றியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அதே நோய் 1890களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் புகுந்து மாசாய் மக்களின் மந்தைகளை அழித்து, அவர்களைப் பட்டினியில் தள்ளி, வில்டபீஸ்டுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் கன்றுகளை அது விட்டுவைக்கவில்லை. 1950களிலும் 60களிலும் சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டிலும் நோய் தானாக ஓய்ந்தது. 1961 வாக்கில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் இறுதியில் 13 லட்சத்தை எட்டியது. ஆதிகாலம் தொட்டு மாறாமல் நடக்கும் யாத்திரை என்று எங்கள் கையேடுகளில் அச்சிடுகிறோமே, அதன் இன்றைய அளவுக்குக் காரணம் உன்னைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குப் போட்ட ஊசி. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 1995இல் என்பதும், 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள் என்பதும் உனக்குத் தெரிந்தவை. அந்தச் சமவெளியில் நின்று பார்க்க என் வாடிக்கையாளர்களில் உன்னைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை.

அதே புல்வெளியில் மாசாய் மக்கள் தங்கள் மாடுகளைக் கன்று ஈனும் மாதங்களில் மேய விடுவதில்லை. பிறந்த வில்டபீஸ்ட் கன்றுகளின் மூக்கு நீரிலும் கண்ணீரிலும் வரும் வைரஸ் மாட்டுக்குத் தொற்றினால் பிழைப்பது அரிது. நுண்ணோக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இதைக் கண்டுகொண்டு, ஆண்டின் சிறந்த மேய்ச்சலை விலங்குகளுக்கு விட்டுக்கொடுத்து மேட்டுநிலத்துக்கு மந்தையை ஓட்டிச் சென்றார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் 1959இல் செரெங்கேட்டியிலிருந்து வெளியேற்றி, இங்கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதியில் குடியிருக்க உரிமை தந்தார்கள். 2022இல் அங்கிருந்தும் தொலைவிலுள்ள ம்சொமேரா கிராமத்துக்குக் குடியேற்றத் தொடங்கினார்கள். விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு, நெருக்குகிறார்கள் என்கிறார்கள் அம்மக்களில் பலர். என் பயணிகளிடம் இதை நான் மறைப்பதில்லை. சிலருக்கு விடுமுறையில் இந்தப் பேச்சு பிடிப்பதில்லை என்றாலும் சொல்லிவிடுவேன். கென்யப் பக்கம் திரும்பியதும் மாசாய் மாராவை ஒட்டிய நபோய்ஷோ என்னும் வனவிலங்குக் காப்பிடத்தில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்கிறேன். அங்கே நிலம் மாசாய்க் குடும்பங்களுடையது, விடுதிகள் அவர்களுக்குக் குத்தகைப் பணம் தருகின்றன, ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இனி ஏற்பாடுகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன்பாவது கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போட்டுக்கொண்டு சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். தங்கைக்கு முழங்கால் வலி என்பதால் தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து தரைவழி வேண்டாம், சிறு விமானத்தில் போகலாம். அதில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் சக்கரமில்லாத துணிப் பைகளில்தான் கொண்டுவர முடியும். பிளாஸ்டிக் பைகளுக்கு இரு நாட்டிலும் தடை. சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம் என்று தங்கையிடம் சொல். இரயில் பாதை போட வந்த இந்தியர்கள் காலத்திலிருந்தே கென்யாவில் சப்பாத்தி வீட்டுச் சாப்பாடாகிவிட்டது.

என்டூட்டில் பிப்ரவரிக்கான கூடாரங்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. ஆகவே கடவுச்சீட்டுகளின் காலாவதித் தேதியையும், எத்தனை நாள் வர முடியும் என்பதையும் இந்த வாரமே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்